சிரிப்பும் சோதனைக் குழாயும்

"மருத்துவர்கள் கைவிட்டுவிட்டனர். ஐந்நூறு பேரில் ஒருவர்தான் முழுக் குணம் அடைவார் என்றனர். அவரோ அஞ்சவில்லை. மருத்துவமனையைவிட்டு வெளியேறி ஓர் ஓட்டலில் அறை எடுத்தார். நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். எட்டே நாளில் நோய் ஓடிப் போயிற்று!"

எங்கள் கல்லூரி விழா ஒன்றில் பேச வந்த ஒருவர் இவ்வாறு முடித்தபோது மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டியதோடு நில்லாமல், அன்று மாலை வீடு திரும்பியதும் அதே கதையை என் தமக்கையாரிடம் சொன்னேன். அவருக்கு அப்போது இரண்டாண்டுகளாகச் சோரியாசிஸ் மூட்டழற்சி. எதையும் அளந்து பார்த்த பிறகே நம்புகிறவன் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இயற்பியல் ஆசிரியனுக்கு அப்பெயர் எளிதில் கிடைத்துவிடும். ஆகவே மேடையில் சொன்னவருக்கு இல்லாத மதிப்பு நான் சொன்னபோது அக்கதைக்கு வந்துவிட்டது. அதன் விளைவைப் பின்னர்க் கூறுகிறேன். அக்கதை பிறந்த நூலைத் தேடிப் பிடித்து முழுவதும் படித்தது அதற்கு ஓராண்டு கழித்துத்தான். முன்னரே படித்திருக்க வேண்டும்.

நூலின் பெயர் 'அனாட்டமி ஆஃப் ஆன் இல்னெஸ்'. 'ஒரு நோயின் உடற்கூறு' எனத் தமிழில் சொல்லலாம். ஆசிரியர் நார்மன் கசின்ஸ், அமெரிக்காவில் 'சாட்டர்டே ரெவ்யூ' என்ற இதழை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தியவர். நேருவுடன் நடத்திய உரையாடல்களை 1951இல் நூலாக வெளியிட்டவர். ஹிரோஷிமாவில் அணுகுண்டால் உருச்சிதைந்த இளம்பெண்கள் 25 பேர் 1955இல் அமெரிக்காவுக்கு அழைத்து வரப்பட்டு அறுவை சிகிச்சை பெற முன்னின்றவர்களுள் ஒருவர். ஆக, இவர் போலி வைத்தியரும் அல்லர். விளம்பரப் பிரியரும் அல்லர். தம் நோயைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை 1976 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்தது. அதை வெளியிட்டது பொழுதுபோக்கு இதழ் எதுவும் அன்று. மருத்துவ உலகம் பெரிதும் மதிக்கும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்டது. 1979இல் அது நூலாக விரிந்தது. அக்கட்டுரையைக் கண்டு மருத்துவர்கள் மட்டுமே மூவாயிரம் மடல்கள் எழுதியதாக நூலிலேயே ஆசிரியர் குறிப்பிடுகிறார்.

இனி நூல் சொல்லும் வரலாற்றைக் காண்போம். 1964 ஆகஸ்டில் சோவியத் நாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய கசின்ஸுக்கு இலேசாகக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரத்துக்குள் கழுத்தையும் கைகால்களையும் அசைப்பதே கடினமாயிற்று. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தோலுக்கடியில் பரல் போன்ற முடிச்சுகள் தோன்றின. ஒரு கட்டத்தில் தாடையும் இறுகியது. வல்லுநர்கள் இதனை ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றனர். முதுகெலும்பின் மூட்டுகள் அழற்சியுற்று, நாளடைவில் ஒன்றோடொன்று இறுகிப் போகும் நோய் இது. தோலில் செதில் செதிலாகப் படை எழும் சோரியாசிஸுடன் சேர்ந்து வரும் மூட்டழற்சியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. என் தமக்கையாருக்கு இந்தக் கதை தம் கதைபோல் பட்டதற்கு இவ்வுறவும் ஒரு காரணம்.

மருத்துவமனையில் அவருக்கு நாள்தோறும் 26 ஆஸ்பிரின் மாத்திரைகளும் 12 ஃபினைல்பியூட்டசோன் மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. எண்களைத் தவறாக அச்சிட்டுவிட்டார்கள் என எண்ண வேண்டா. நூலில் உள்ளபடியே தருகிறேன். உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன. கசின்ஸ் மருத்துவ நூல்களைப் படிக்கத் தொடங்கினார். மனவழுத்தம் உடலைக் கெடுக்கும் என்று ஹான்ஸ் செல்யே எழுதியிருந்ததைக் கண்டு, அப்படியானால் மகிழ்ச்சி உடலைச் சீராக்காதா என வினவினார். இருபதாண்டுகளுக்கு மேலாகத் தம் நண்பராக இருந்த டாக்டர் வில்லியம் ஹிட்ஸிக்குடன் கலந்து பேசி, அவருடைய இசைவுடன் மேற்படி மாத்திரைகளை விட்டார். மார்க்ஸ் சகோதரர்களின் படங்களும், 'கேண்டிட் கேமரா' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் சுருள்களும் வந்தன. பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றித் தூங்க முடிந்தது என்கிறார். சிரிப்பொலி மற்ற நோயாளிகளுக்கு இடைஞ்சலாக இருந்ததால் ஓட்டலுக்கு மாறினார். அங்கே செலவும் மருத்துவமனையில் ஆனதில் மூன்றிலொரு பங்குதான். வைட்டமின் சி, நரம்பு வழியாக, முதலில் 10 கிராம், ஒரு வாரத்துக்குள் 25 கிராம் வரை ஏற்றப்பட்டது. எட்டாம் நாள் முடிவில் கட்டை விரலை வலியின்றி அசைக்க முடிந்தது.

கட்டை விரலை! எழுந்து நடந்ததாக நூலில் இல்லை. மீண்டும் முழுநேர வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆயின. உயரமான அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எட்டி எடுக்கக் கூடியவாறு கையைத் தூக்க அவரால் பல மாதங்கள் இயலவில்லை. இவற்றையெல்லாம் அவர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். மேடையில் கேட்ட கதையில் இவை இல்லை. வைட்டமின் சி இல்லை. 26 ஆஸ்பிரினும் இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக, டாக்டர் ஹிட்ஸிக் இல்லை.

கதை சொன்னவர்களின் குறையை நூலின்மேல் ஏற்றுவது முறையன்று. நூலுக்கென்றே ஒரு குறை உண்டு. அது ஒரு சோதனைக் குழாய்க்குள் இருக்கிறது.

கசின்ஸ் தம் முன்னேற்றத்துக்குக் காட்டும் அளவு, இ.எஸ்.ஆர். எனப்படும் சிவப்பணு படிவு வேகம். சிரிப்பதற்குச் சற்று முன்பும், சிரித்துச் சில மணி நேரம் கழித்தும் இதை அளந்தார்களாம். ஒவ்வொரு முறையும் குறைந்தது ஐந்து புள்ளியாவது இறங்கியதாம். வைட்டமின் சி ஏற்றும் முன் 115 இருந்தது, நான்கு மணி நேரத்தில் ஒன்பது புள்ளி குறைந்தது என்றும் எழுதுகிறார். நூல் முழுவதிலும் அறிவியல் சான்று என்று சொல்லத்தக்கவை இவ்விரண்டே. சிரிப்பு நல்ல மருந்து என்பது உடலியல் அடிப்படை கொண்டது என்ற முடிவை இவற்றின்மேல்தான் எழுப்புகிறார். ஆகவே இவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இந்த இ.எஸ்.ஆர். ஒரு வேதியியல் சோதனை என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் இது இயற்பியல் சோதனையே. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்தைக் கலந்து, மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே படிய, மேலே மஞ்சள் நிறத் தெளிவு நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் அத்தெளிவு எத்தனை மி.மீ. என்பதே இ.எஸ்.ஆர். போலந்தின் பியர்நாட்ஸ்கி 1897இலும், சுவீடனின் ஃபாரேயஸ் 1918இலும் கண்டதை, அதே சுவீடனைச் சேர்ந்த வெஸ்டர்கிரென் 1921இல் இன்றைய முறையாக்கினார். ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 15 மி.மீ. வரை இயல்பு எனக் கொள்வது வழக்கம்.

அழற்சியுள்ள உடலில் அணுக்கள் ஏன் விரைவாகப் படிகின்றன? பாகுநிலையுள்ள நீர்மத்தில் விழும் சிறு கோளத்தின் முற்றுத் திசைவேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஸ்டோக்ஸ் விதியை மேனிலைப் பள்ளி மாணவர் அறிவர். எட்டு அணுக்கள் திரண்டு ஒரே கோளமாயின எனக் கொள்வோம். பருமன் எட்டு மடங்கு. எனவே ஆரம் இரு மடங்கு. எனவே வேகம் நான்கு மடங்கு. உண்மையில் அணுக்கள் கோளமாகத் திரள்வதில்லை, நாணயங்களை அடுக்கினாற்போல் ஒட்டிக்கொள்கின்றன. ஆயினும் கணக்கின் போக்கு இதுவே. அவற்றை ஒட்டவைப்பவை இரத்தத்திலுள்ள சில புரதங்கள். அவற்றுள் தலையாயது ஃபைப்ரினோஜன். அழற்சியின்போது கல்லீரல் இதை மிகுதியாக உண்டாக்குகிறது.

இப்போது கசின்ஸின் நான்கு மணி நேரத்துக்கு வருவோம். இரத்தத்தில் சேர்ந்துவிட்ட ஃபைப்ரினோஜன் பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். கதிரியக்கப் பாடத்தில் போடும் அரை ஆயுள் கணக்கையே இங்கும் போடலாம். வைட்டமின் சி உள்ளே சென்ற அக்கணமே கல்லீரல் தன் உற்பத்தியை அடியோடு நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடக்கக் கூடியதன்று, ஆனால் கசின்ஸுக்கு இதைவிடச் சாதகமான கற்பனை இருக்க முடியாது. அப்போதுங்கூட, 96 மணி நேர அரை ஆயுளில் நான்கு மணி நேரத்துக்குள் குறையக் கூடியது 3 விழுக்காடுதான். 115இல் 9 என்பதோ ஏறத்தாழ 8 விழுக்காடு. படிவு வேகம் இப்புரதத்தின் அளவுக்குச் சரியான நேர்விகிதத்தில் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டவைக்கும் மற்றப் புரதங்களுள் முக்கியமான இம்யூனோகுளோபுலின்களில் பெரும்பகுதி இன்னும் மந்தமாகவே குறையும். அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம். இ.எஸ்.ஆர். நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் நகரும் முள். நான்கு மணி நேரத்தில் அது நகர்ந்தால், நோய் நகர்ந்தது என எண்ணுமுன் குழாயைப் பார்ப்பது நல்லது.

குழாயில் என்ன நேரலாம்? அறையின் வெப்பநிலை மாறினால் நீர்மத்தின் பாகுநிலை மாறும், வேகமும் மாறும். இரத்தத்தை எடுத்த பின் எவ்வளவு நேரம் வைத்திருந்தனர் என்பதும் கணக்கில் வரும். இவற்றைவிட வியப்பானது சாய்வு. குழாய் செங்குத்திலிருந்து 3 பாகை சாய்ந்தாலே படிவு வேகம் 30 விழுக்காடு வரை கூடிவிடலாம். சாய்ந்த குழாயில் இரத்த அணுக்கள் விரைந்து படிவதை 1920இல் பாய்கட் என்ற ஆங்கில மருத்துவர் கவனித்து வெளியிட்டார். இன்று பொறியியலாரும் இவ்விளைவை அவர் பெயராலேயே அழைக்கின்றனர். 115 மி.மீ.யில் ஐந்து புள்ளி என்பது 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். எங்கள் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்கள் ஆமணக்கெண்ணெயில் சிறு எஃகுக் குண்டுகளை விட்டு அளக்கும்போது அந்த அளவு வேறுபாடு வந்தால் நான் கேள்வியே கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

ஆனால் அம்மாணவர்களிடம் நான் கேட்கும் வேறு இரண்டு கேள்விகளைக் கசின்ஸிடமும் கேட்க வேண்டும். எத்தனை முறை அளந்தீர்கள்? அட்டவணை எங்கே? நூலில் அட்டவணை இல்லை. சிரிக்காத ஒரு நாளில், அதே இடைவெளியில் அளந்த எண்கள் என்ன? அவையும் இல்லை. நோய் தானாகவே தணிந்து வரும் காலமாக இருந்தால், சிரித்தாலும், அழுதாலும், சும்மா படுத்திருந்தாலும் மாலை அளவு காலை அளவைவிடக் குறைந்துதானே இருக்கும்! இறக்கம் நிலைத்து நின்றது, சேர்ந்துகொண்டே போனது என்று அவர் வலியுறுத்திச் சொல்வது, தணியும் நோயின் வளைகோட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. அதோடு ஒரே சமயத்தில் மாத்திரை நின்றது, இடம் மாறியது, சிரிப்பு வந்தது, வைட்டமின் வந்தது. நான்கு சாவிகளை ஒன்றாகத் திருப்பிவிட்டு எது விளக்கை ஏற்றியது என்று கேட்டால் என்ன சொல்வது? நாளொன்றுக்கு 26 ஆஸ்பிரினை நிறுத்தினாலே ஒருவருக்குத் தேறியதுபோல் இருக்கும் என்பது என் எண்ணம்.

நோயின் பெயரிலும் எனக்கு ஐயம் உண்டு. ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் பெரும்பாலும் இளமையில், 45 வயதுக்கு முன், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஊன்றும் நோய். கசின்ஸுக்கோ வயது 49. காய்ச்சலோடு ஒரே வாரத்தில் வீழ்ந்தார். இந்நோயோடு நெருங்கிய தொடர்புள்ள எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக்குறி 1973இல்தான் அறியப்பட்டதால், 1964இல் அதைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. திடீரென வந்து சில மாதங்களில் தானே விலகும் மூட்டழற்சிகளும் உள்ளன. அவருக்கு வந்தது அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கக் கூடும். அப்படியானால் '500இல் 1' என்ற எண்ணே வேறொரு நோய்க்கு உரியதாகிவிடும்.

இனி என் தமக்கையாரிடம் வருகிறேன். அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்து வந்தார். மறுநாள் முழுதும் குமட்டல். கதையைக் கேட்ட சில நாட்களில் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். காலையில் நடை, சர்க்கரைக்கு விடை, கத்தரிக்காயும் கருவாடும் இல்லாத பத்தியம், மாலையில் ஒரு நகைச்சுவைப் படம். உடல் எடையும் சற்றுக் குறைந்தது. "வலி குறைஞ்சுதான் இருக்கு தம்பி" என்று என்னிடம் பலமுறை சொன்னார். காரணம் அறியாமல் நானும் மகிழ்ந்தேன். ஏழு மாதம் சென்ற பின் வலக்கை நடுவிரலின் நுனி மூட்டு மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. புதிய எக்ஸ்ரே படத்தையும் பழையதையும் சன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய படத்தில் கூர்மையாக இருந்த எலும்பின் விளிம்பு புதியதில் எலி கொறித்தாற்போல் இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. வலி உண்மையாகவே குறைந்திருந்தது. உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். பனிக்கட்டி கரைந்துகொண்டே இருக்கும். வெப்பமானி மட்டும் 0 பாகையில் அசையாமல் நிற்கும். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். வலியும் எலும்பின் சிதைவும் ஒன்றல்ல என்பது எனக்கு அந்தச் சன்னலருகில்தான் உறைத்தது. கசின்ஸின் நூலில் இவ்விரண்டும் ஒன்றாகவே குழைந்து கிடக்கின்றன. வலி தணிந்தது என்பதிலிருந்து நோய் தணிந்தது என்பதற்கு அவர் ஒரே எட்டில் தாவுகிறார். நடுவே ஒரு படிபோல் கிடப்பது அந்த இ.எஸ்.ஆர். மட்டுமே. அந்தப் படியும் எங்களுக்குப் பயன்பட்டிராது. சோரியாசிஸ் மூட்டழற்சி உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இ.எஸ்.ஆர். இயல்பாகவே இருக்கும். என் தமக்கையாருக்கு மூட்டு சிதைந்துகொண்டிருந்த மாதங்களிலும் அது 20ஐத் தாண்டவில்லை.

சிரிப்பு வலியைத் தணிக்கும் என்பதை நான் ஐயுறவில்லை. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டனர். சிலருக்கு நகைச்சுவைக் காட்சிகளையும், வேறு சிலருக்கு உப்புச்சப்பற்ற செய்திப் படங்களையும் காட்டி, முன்னும் பின்னும் அவர்கள் கையில் குளிர்ந்த உறையை மாட்டியோ, இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியோ எவ்வளவு தாங்குகின்றனர் என்று அளந்தனர். வாய்விட்டுச் சிரித்தவர்கள் கூடுதலாகத் தாங்கினர். ஆகவே கசின்ஸ் தூங்கிய இரண்டு மணி நேரத்தை நான் முழுமையாக நம்புகிறேன். டன்பார் செய்ததில் சிரிக்காதவர்களும் இருந்தனர் என்பதைக் கவனிக்க. கசின்ஸிடம் இல்லாதது அதுதான்.

அப்படியானால் உணவும் நடையும் வாழ்க்கை முறையும் வீண்தானா? இல்லை. அவற்றையும் இதே இரண்டு அளவுகோல்களைத் தனித்தனியே பிடித்துப் பார்க்கலாம். நார்வேயில் சோரியாசிஸ் மூட்டழற்சி உள்ள 67 பேரைக் கொண்டு, விட்டுவிட்டுக் கடுமையாகச் செய்யும் உடற்பயிற்சியை 11 வாரம் சோதித்தனர். முடிவு 2018இல் வந்தது. பயிற்சி செய்தோருக்குச் சோர்வு குறைந்தது. நோயின் தீவிரத்தில் தெளிவான மாற்றம் இல்லை, கெடுதலும் இல்லை. டென்மார்க்கில் 145 பேருக்கு 24 வாரம் நாளொன்றுக்கு 3 கிராம் மீனெண்ணெய்க் கொழுப்பமிலத்தையோ ஆலிவ் எண்ணெயையோ கொடுத்துப் பார்த்தனர். வலி மாத்திரைகளின் தேவை சற்றுக் குறைந்தது. நோயின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டிலும் முதல் அளவுகோல் அசைகிறது, இரண்டாவது நிற்கிறது. எடைக் குறைப்பு மட்டும் இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஏனெனில் கொழுப்புத் திசு வெறும் சுமையன்று; அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கும் உறுப்பும்கூட. இத்தாலியில் 2014இல் வெளியான ஆய்வில், பருமனான நோயாளிகளுள் எடையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இழந்தவர்களில் 23 விழுக்காட்டினரும், 10 விழுக்காட்டுக்கு மேல் இழந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும் நோய் மிகத் தணிந்த நிலையை எட்டினர். மனவுறுதியால் எடையைக் குறைத்தவர்கள் வேறு வகைகளிலும் தங்களைப் பேணியிருக்கலாம் என்று நான் வாதாடுவேன். இருப்பினும் வேறுபாடு பெரிது. ஆனால் இந்த ஆய்வைப் பற்றி ஒன்றை மறந்துவிடலாகாது. அதில் இருந்த அனைவரும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசியையும் பெற்று வந்தனர். உணவு, மருந்துக்குப் பதிலாக வரவில்லை. மருந்தோடு கைகோத்து வந்தது.

காத்திருப்பதன் விலை என்ன என்பதற்கும் எண்கள் உள்ளன. டப்ளினில் புதிதாக நோயுற்றவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், மருந்துகள் கொடுத்துங்கூட, இரண்டே ஆண்டில் 47 விழுக்காட்டினருக்கு எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிந்தது. வல்லுநரிடம் செல்ல ஆறு மாதம் தாமதித்தாலே மூட்டுச் சிதைவு கூடும் என்று 2015இல் மற்றோர் அயர்லாந்து ஆய்வு காட்டியது. எங்கள் வீட்டில் ஏழு மாதம்.

இவ்வளவும் சொன்ன பின் நூலைத் தூக்கி எறிந்துவிடலாமா? நான் எறியவில்லை. இரண்டாம் முறையும் படித்தேன். ஒரே நாளில் நான்கு துறையினர் தனித்தனியே வந்து இரத்தம் எடுத்தபோது, மூன்று நாளைக்கு ஒருமுறைதான் கொடுப்பேன், எல்லோரும் அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கசின்ஸ் தம் அறைக் கதவில் எழுதி ஒட்டிய இடம் மறக்க முடியாதது. மருந்துப் பொருளே இல்லாத போலி மாத்திரையும் நோயாளிக்கு ஆறுதல் தருவதைப் பற்றிய அத்தியாயம், இன்றும் எந்த மருத்துவ மாணவரும் படிக்கத் தக்கது. தம்மைக் குணப்படுத்தியதும் அத்தகைய நம்பிக்கையின் விளைவாகவே இருந்திருக்கலாம் என்றுகூட ஒப்புக்கொள்கிறார். ஆனால் எழுத்தின் தந்திரத்தைப் பாருங்கள். எண்கள் வருவது கதையின் உச்சத்தில், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது. ஒப்புதல் வருவது பிறகு, நாம் ஏற்கெனவே நம்பிவிட்ட பின். அவர் வேண்டுமென்று செய்தார் என நான் சொல்லவில்லை. முப்பதாண்டு இதழாசிரியர் கைக்கு அது தானாக வந்துவிடும். ஆகவே இந்நூலை ஒரு நோயாளியின் வாக்குமூலமாகப் படிப்போர் மிகுந்த பயன் பெறுவர். ஆய்வறிக்கையாகப் படிப்போர் ஏமாறுவர். முழு நூலையும் படிக்காமல் பேச்சில் கேட்போர் நிலையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தவன்.

என்னை இன்றும் உறுத்துவது வேறு. மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோது கசின்ஸ் முதலில் செய்தது என்ன? தம் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து பேசினர். என் தமக்கையாருக்கும் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லியிருந்தால், அதே மருந்தைத் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றியிருப்பார்கள்; பலருக்குக் குமட்டல் அதில் குறையும். எக்ஸ்ரே எடுத்த அன்று டாக்டர் அதைத்தான் செய்தார். ஆனால் நான் கொண்டுபோய்ச் சொன்ன கதையில் டாக்டர் என்ற பாத்திரமே இல்லையே! நோயாளி, ஓட்டல் அறை, சிரிப்பு. அவ்வளவுதான்.

மடங்கிய விரல் நிமிரவில்லை. ஊசியில் நூல் கோக்க இப்போது என் மகளைக் கூப்பிடுகிறார். காலை நடை தொடர்கிறது. எடையும் மீண்டும் ஏறவில்லை. கத்தரிக்காய் மட்டும் திரும்பி வந்துவிட்டது. சனிக்கிழமை இரவு ஊசி. அது முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய படம் பார்க்கிறோம். பெரும்பாலும் 'காதலிக்க நேரமில்லை'. கசின்ஸ் நோயில் விழுந்த அதே 1964இல் வெளிவந்த படம். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லத் தொடங்கும் இடம் வந்ததும், அவர் வாய் திறக்கும் முன்பே என் தமக்கையார் சிரிக்கத் தொடங்கிவிடுவார்.